முத்துக் கரையில் ஓர் இரவு நகரம்

செண்பகத்தோப்பை அடுத்து வாழும் வாசகர்கள் ஓர் உண்மையைக் கவனித்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் காற்று சமவெளியிலிருந்து மலையை நோக்கி ஏறுகிறது. இரவு முதிர்ந்ததும் மலையிலிருந்து குளிர்காற்று இறங்கி வருகிறது. இதைப் போலவே இரவிலும் பகலிலும் திசை மாறும் காற்று கடற்கரையிலும் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் எங்கே இராத்தங்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்பதை அந்தக் காற்றுதான் முடிவு செய்தது. அந்தத் தங்கலின் வரலாற்றைப் பார்ப்போம்.

மணலில் எழுந்த ஊர்

முத்துச் சிப்பிகள் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளில் வாழ்கின்றன. இத்திட்டுகளுக்குப் 'பார்' என்றும், முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்றும் பெயர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்கோ போலோவும் இத்தொழிலை விவரித்திருக்கிறார்.

சலாபம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. பார்களைச் சோதித்துச் சிப்பி முதிர்ந்திருந்தால்தான் அரசு அறிவிப்புச் செய்யும். உடனே தூத்துக்குடியிலோ, இலங்கைப் பக்கம் சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி போன்ற இடங்களிலோ வெறும் மணலில் ஓலைக் குடிசைகள் முளைக்கும். குளிப்பவர், தோணிக்காரர், வணிகர், கடைக்காரர், காவலர் எனப் பல்லாயிரம் பேர் கூடுவர். சில வாரங்களில் ஊர் கலைந்துவிடும். 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன.

பீரங்கியும் காற்றும்

பார்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி இருந்தன; தோணிகளோ பாய்மரத்தை நம்பியவை. கொண்டச்சிச் சலாபத்தைப் பற்றி ராபர்ட் பெர்சிவல் 1803இல் எழுதியிருக்கிறார். இரவு பத்து மணி அளவில் பீரங்கி முழங்கும். தோணிகள் ஒருசேரக் கிளம்பும். விடியுமுன் பாரை அடைந்து, சூரியன் எழுந்ததும் குளிக்கத் தொடங்குவர். நண்பகலில் காற்றுத் திரும்பும். அதுவே கரைக்குத் திரும்பும் அறிகுறி.

இதற்குக் காரணம் என்ன? நீரின் தன்வெப்பம் மணலின் தன்வெப்பத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பகலில் மணல் விரைவில் சூடேறுகிறது. அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் மணல் விரைவில் குளிர்ந்துவிட, காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குமுன் உள்ள மாதங்களில்தான் இந்த ஒழுங்கு தெளிவாக இருக்கும். சலாபமும் பெரும்பாலும் அப்போதுதான் நடந்தது. நள்ளிரவுக்கு முன்பே புறப்பட வேண்டியவன் தொலைவிலுள்ள ஊரில் உறங்க முடியாது. தோணியை நிறுத்திய கரையிலேயே அவன் தங்க வேண்டியதாயிற்று.

கடலடியில் அவனுக்குக் காத்திருந்ததும் எளிதன்று. கல்லைக் காலில் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவான். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பாயில் விதிப்படி, 10 மீட்டரில் நுரையீரலிலுள்ள காற்றின் பருமன் பாதியாகிவிடும். இத்தகைய உடலுழைப்புக்குப் பின் அவன் வந்து படுத்த இடம் எப்படி இருந்தது?

மலிவான தங்கலின் விலை

எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. அதிலிருந்தே உணவும் மற்றச் செலவும் நடக்க வேண்டும். ஓலைக் குடிசையைவிட மேலான தங்கலை அவன் நினைக்க முடியாது.

ஏலத்தில் வாங்கிய சிப்பிகளை வணிகர்கள் 'கொட்டு' என்னும் அடைப்புகளில் குவித்து, சதை அழுகும்வரை பல நாள் விட்டுவைத்தனர். அழுகியபின் கழுவினால் முத்துத் தனியே கிடைக்கும். நாற்றமும் ஈயும் ஊரையே மூடின. 1906இல் மரிச்சுக்கட்டியில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனார்டு உல்ஃப் இந்த முகாமைப் பற்றிப் பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார்.

நாற்றத்தைவிடக் கொடியது ஒன்று இருந்தது. அதுதான் காலரா. இந்நோயால் சலாபங்கள் இடையில் நின்றதுண்டு. கெட்ட வாடையே நோய்க்குக் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினர். 1883, 1884 ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்த ராபர்ட் கோக், அதன் கிருமியை இனங்கண்டார். கிருமி பரவும் முக்கிய வழி மனிதக் கழிவு கலந்த குடிநீர். வறண்ட மணற்கரையில் பல்லாயிரம் பேர் ஒரு சில கிணறுகளையும் குளங்களையும் நம்பினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். மூக்கு எச்சரித்தது சிப்பியை. உயிரைக் குடித்ததோ வாடையற்ற நீர்!

அதன் பிறகு

1906இல் இலங்கைப் பார்கள் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி குன்றி, பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. தூத்துக்குடியில் 1955இல் மீண்டும் தொடங்கிய சலாபத் தொடர் 1961இல் முடிந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். 1986இல் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. விரும்பிய தீவில் இறங்கி அடுப்பு மூட்ட இன்று அனுமதி இல்லை.

ஆயினும் மலையடிவார ஓடையருகிலோ கடற்கரையிலோ ஓரிரவு தங்கப் புறப்படும் இளைஞர்கள் இன்றும் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" என்பதே. அதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? இரவில் காற்று எந்தப் பக்கம் வீசும்? இவற்றுக்கு விடை தெரியாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் மலிவானதன்று.