மனையியலும் மகளிரியலும்

எம்.ஏ. மகளிரியல் சேரப்போகிறேன் என்று 1990களின் தொடக்கத்தில் வீட்டில் சொன்னபோது, அப்பாவின் காதில் விழுந்தது மனையியல். "சமையல் படிக்க எதுக்கும்மா காலேஜு? உங்கப்பத்தாகிட்ட நாலு நாள் உக்காந்தாப் போதாதா?" என்றார். அவர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். எனக்கு இளங்கலையில் வரலாறு படிக்க அனுமதி கொடுத்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். மனையியல் இல்லை, பெண்களைப் பற்றிய படிப்பு என்று நான் விளக்கியதும் இன்னும் குழம்பினார். "அதுக்குன்னு புஸ்தகமெல்லாம் இருக்கா?" என்றார்.

பல வருடம் இதே பாடத்தைக் கல்லூரியில் நடத்திய பிறகு தோன்றுகிறது, அப்பாவின் காது அவ்வளவு மோசமில்லை. இந்தியாவில் மகளிரியல் முளைத்ததே மனையியல் வீட்டுத் திண்ணையில்தான்.

புனேயில் தோண்டோ கேசவ் கார்வே என்று ஒரு கணக்கு வாத்தியார். ஃபெர்குசன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். முதல் மனைவி இறந்ததும், ஒரு விதவையைத்தான் மறுமணம் செய்வேன் என்று நின்று, 1893இல் செய்தும் காட்டியவர். விதவைகளுக்கு ஆசிரமம் வைத்தார், பெண்களுக்குப் பள்ளி வைத்தார். ஒருநாள் டோக்கியோவில் இருந்த ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு வெளியீடு ஒன்று கையில் கிடைத்தது. அதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்று 1916இல் பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். முதல் வருடத்து மாணவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாடம் ஆங்கிலத்தில் இல்லை, மராத்தியில். பெண் நாளைக்கு மனைவியாகவும் தாயாகவும் ஆகப்போகிறவள், ஆகவே ஆண்களின் பாடத்திட்டத்தை அப்படியே அவள்மேல் ஏற்றக் கூடாது, சுகாதாரமும் இல்லப் பராமரிப்பும் பாடமாக இருக்கவேண்டும் என்பது கார்வேயின் வாதம். விட்டல்தாஸ் தாக்கர்சே என்ற ஆலை முதலாளி 1920இல் 15 லட்சம் ரூபாய் கொடுக்க, அவருடைய தாயார் நாதிபாயின் பெயர் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 1936இல் அது பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பெயரைச் சுருக்கி எஸ்.என்.டி.டி. என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும்.

கார்வேயைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஊரே ஒதுக்கிவைத்தும் அசராத மனிதர், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். ஆனால் பெண்ணுக்கு எது பொருத்தமான படிப்பு என்ற கேள்வியைப் பெண்ணிடம் கேட்காமலே பதில் எழுதிய நல்லவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

சென்னை வேறு வழியில் போனது. 1914இல் கடற்கரையோரம் தொடங்கிய பெண்கள் கல்லூரி (பிறகு ராணி மேரி கல்லூரி), அடுத்த வருடமே வந்த மகளிர் கிறித்தவக் கல்லூரி இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆண்கள் எழுதிய அதே தேர்வு, அதே பட்டம். அதற்கு முன்பே 1911இல் சகோதரி சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் பின்னால் போவார்கள். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி வழியாகப் பேருந்து போகும்போதெல்லாம், முத்துலட்சுமி ரெட்டி படித்த காலேஜு என்று யாராவது ஒருவர் கை காட்டுவார். ஆண்கள் மட்டுமே இருந்த அந்தக் கல்லூரியில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுத்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் டாக்டராக வெளியே வந்தார்.

ஆக, இரண்டு வழி இருந்தது. ஒன்று, பெண்ணுக்கென்று தனிப் பாடம். மற்றது, ஆணுக்கு இருக்கும் பாடமே பெண்ணுக்கும். பெண்ணே பாடமாவது என்ற மூன்றாவது வழி அரை நூற்றாண்டுக்கு யார் நினைப்பிலும் இல்லை. அதைத் திறந்துவிட்டது ஒரு கணக்கெடுப்பு. அந்தக் கதையில் அப்பாவும் வருகிறார்.

1971 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மற்ற ஊர்களைப் போலவே எங்கள் ஊரிலும் அந்த வேலை வாத்தியார் தலையில் விழுந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு. அந்த வருடம் தொழில் பற்றிய கேள்வியை மாற்றியிருந்தார்கள். 1961இல் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரம் வழக்கமாக வேலை செய்தாலே உழைப்பாளி என்று பதிவாகும். 1971இல் கேட்டது முதன்மைச் செயல்பாடு என்ன என்று. வீட்டு வேலைதான் முதன்மை என்று சொல்லிவிட்டால், வயலில் என்ன செய்தாலும் அவள் உழைக்காதோர் பட்டியலுக்குப் போய்விடுவாள். சீட்டில் ஆங்கில எச் ஒன்றைப் போட்டால் போதும். துணைத் தொழில் என்று இன்னொரு இடம் இருந்தது. ஆனால் உழைப்பாளியா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது. பெரும்பாலும் இந்த மாற்றத்தால், பத்து வருடத்தில் இந்தியாவில் உழைக்கும் பெண்களின் விகிதம் காகிதத்தில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வயலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்பத்தா நாற்று நட்டுக்கொண்டும் கடலை பறித்துக்கொண்டும்தான் இருந்தாள்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் வந்தது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள். 1971இல் 930. அந்த வருடம் செப்டம்பரில் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் புல்ரேணு குஹா. பின்னால் வந்து உறுப்பினர்-செயலராகப் பொறுப்பேற்று அறிக்கையை முடித்துக்கொடுத்தவர் வீணா மஜும்தார். 1974இன் கடைசி நாளில் கொடுத்த அந்த அறிக்கையின் பெயர் 'சமத்துவத்தை நோக்கி'. சுதந்திரம் வந்தது, சட்டம் வந்தது, நாங்கள் படித்து வேலைக்கும் வந்துவிட்டோம், எல்லாப் பெண்களும் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்கள் என்று அதுவரை நம்பிய பேராசிரியைகளை எண்கள் உலுக்கிவிட்டன.

அதே 1974இல் எஸ்.என்.டி.டி.யில் சமூகவியல் பேராசிரியர் நீரா தேசாய் பெண்கள் பற்றிய ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1957லேயே நவீன இந்தியப் பெண்ணைப் பற்றிப் புத்தகம் போட்டவர் அவர். 1981இல் முதல் தேசிய மகளிரியல் மாநாடும் அங்கேதான் கூடியது. நல்ல இல்லத்தரசிகளை உருவாக்கப் போட்ட கட்டடத்தில் உட்கார்ந்து, இல்லத்தரசியின் உழைப்பை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். மனையியலும் மகளிரியலும் ஒரே வளாகத்தில் கைமாறியதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். 1984இல் தமிழ்நாட்டிலும் கொடைக்கானலில் அன்னை தெரசா பெயரில் ஒரு மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. 1986ஆம் வருடக் கல்விக் கொள்கை, மகளிரியலை வளர்க்கவேண்டும் என்று எழுதிவைத்தது.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததோ கொள்கையைப் படித்து அல்ல. சைக்கிளில் வந்தேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். ராத்திரி வகுப்பெடுக்கத் தொண்டர்களாகப் போன எங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரிந்தாகவேண்டும். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைக்கும்? பார் வைத்த வாடகை சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்மாய்க் கரையில் விழுந்து விழுந்து பழகினோம். கல் உடைக்கிற பெண்கள் எங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதைவிட அவர்களுக்கு அது அவசரமாக வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1970இல் சான் டியேகோவில் முதல் மகளிரியல் துறை வந்தபோது, கேட்டு வாங்கியவர்களில் இளங்கலை மாணவிகள் இருந்தார்கள். பாடம் கீழிருந்து மேலே போனது. இங்கே அறிக்கையில் தொடங்கி, ஆய்வு மையம், முதுகலை என்று மெல்ல இறங்கியது. இளங்கலை வகுப்புக்கு வந்து சேரும்போது கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். நான் வேலை பார்த்த கல்லூரியில் கடைசிப் பருவத்தில் ஒரு தாள், ஒரு கிரெடிட். மதியம் கடைசி மணி. வேதியியல் மாணவிகள் ஆய்வகக் குறிப்பேட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டே கேட்பார்கள்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, 1971 சீட்டில் இருந்த அதே கேள்வியை அவரவர் அம்மாவுக்கு நிரப்பச் சொல்வேன். ஒரு வருடம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எச் போட்டிருந்தாள்.

"அம்மா வேலைக்குப் போறதில்லையா?"

"இல்ல மிஸ். நூறு நாளுக்கு மட்டும் போறாங்க."

"கூலி வருதுல்ல?"

"வருது மிஸ். என் பஸ் பாஸுக்கு, பீஸுக்கு எல்லாம் அதுலதான். ஆனா அது வேலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க மிஸ்."

பக்கத்துப் பெண் தன் தாளை எடுத்து எதையோ அடித்துத் திருத்தினாள். அன்றைக்கு நான் வேறு பாடம் எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது, ஆனாலும் கணக்கெடுப்புப் பயிற்சி எந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் நினைவிருந்தது. அப்பத்தாவுக்கு என்ன எழுதினீர்கள் என்றேன்.

"எச்தான்."

"துணைத் தொழில்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். எழுதினதாக நினைவில்லை என்றார்.

"அப்பத்தாகிட்ட கேட்டீங்களாப்பா?"

"பொம்பளைகளை எங்க கேக்கிறது? வீட்டு ஆம்பளைகிட்ட கேட்டுத்தான் எல்லாருக்கும் எழுதுனது. நம்ம வீட்டுல ஆம்பளை நான்தானே. நானே கேட்டு நானே எழுதிக்கிட்டேன்."