எம்டனும் ஆயிஷாவும்

சூழ்ச்சியில் வல்லவன் ஒருவனை ‘பெரிய எம்டன்’ என்று குறிப்பது தமிழ்ப் பேச்சில் உள்ள வழக்கு. எம்டன் என்பது ஜேர்மானிய நகரம் ஒன்றின் பெயர். அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1914ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்தில் உலவியமையாலேயே அச்சொல் நம் நாவில் ஏறியது. அக்கப்பலின் வெற்றி, வீழ்ச்சி ஆகிய இரண்டிற்கும் கம்பியில்லாத் தந்தியே காரணமாயிற்று என்பது நேயர்கள் சிந்திக்கத்தக்கது.

பாய்க்கப்பல்களின் காலத்தில் கண் ஒன்றே துறைமுகத்தின் காவலாக இருந்தது. கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து கடலை நோக்கியவர்களுக்கு முதலில் பாய்மரத்தின் உச்சியும், பின்னர் பாய்களும், அதன் பின்னரே கப்பலின் உடலும் தோன்றும். வருவது யாருடைய கப்பல் என்பதைக் கொடி கண்டே அறிந்தனர். கம்பியில்லாத் தந்தி வந்தபின், கண்ணுக்கு எட்டாத கப்பலும் காதுக்கு எட்டலாயிற்று. ஆயினும் பேசுகின்ற கப்பலின் குரல் நண்பனுக்கு மட்டுமன்றிப் பகைவனுக்கும் கேட்கும்.

இவ்வுண்மையை எம்டனின் தலைவர் வொன் முல்லர் நன்கு உணர்ந்திருந்தார். தம் கப்பலைப் பேசாதிருக்கச் செய்து, பிறர் பேச்சைக் கேட்டார். ஒலியின் வலிமை கொண்டு, பகைக் கப்பல் அண்மையில் உள்ளதா, சேய்மையில் உள்ளதா என மதிப்பிட்டார். செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தார். 25ஆம் நாள் இலங்கைக்கு அருகே ‘கிங் லட்’ என்னும் கப்பலை மூழ்கடித்தார். அன்றிரவே, கொழும்பின் தேடொளி விளக்குகள் கண்ணுக்குத் தெரியுமளவு நெருங்கி, சர்க்கரை ஏற்றிவந்த ‘டைமெரிக்’ கப்பலைப் பிடித்தார்.

இலங்கையில் அச்சமும் வதந்தியும் பரவின. எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்னும் ஐயத்தின் பேரில் யாலக் காட்டின் காவலரான எங்கல்பிரெக்ட் என்னும் போயர் இனத்தவர் சிறையிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பது பிற்காலத்திலேயே தெளிவாயிற்று.

மௌனத்தால் வாழ்ந்த எம்டன், பேசியதால் அகப்பட்டது. நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது, தன் நிலக்கரிக் கப்பலைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அழைத்தது. அறிமுகமற்ற அக்குரலைப் பிறர் கேட்டனர். நிலையத்தாரும் கித்தானால் செய்த போலிப் புகைபோக்கியைக் கண்டு ஐயுற்று, அயற்கப்பல் ஒன்று வந்துள்ளதென உடனே செய்தி அனுப்பினர். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய 38 கப்பல்கள் அவ்வழியே கொழும்பு நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றின் காவற்கப்பலான ‘சிட்னி’ விரைந்து சென்று தாக்கியது. முற்பகல் முடியுமுன் எம்டன் பாறைத்திட்டில் ஏறிச் சிதைந்தது. அதன் மாலுமிகளுள் 130 பேருக்கு மேல் மாண்டனர்.

நவம்பர் 15ஆம் நாள் கைதிகளையும் காயமுற்றோரையும் ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகம் புகுந்தது. வெற்றிச் செய்தியை முன்னரே அறிந்த வீரர்கள் கப்பல்தட்டுகளில் அணிவகுத்து நின்றனர். எனினும் காயமுற்ற பகைவரை எண்ணி, ஆரவாரம் வேண்டாமெனச் சிட்னியின் தலைவர் கிளாசப் கேட்டுக்கொண்டார். வென்ற கப்பல் அமைதியின் நடுவே உள்ளே வந்தது. கொழும்புத் துறைமுகம் கண்ட பண்புமிக்க காட்சிகளுள் அதுவும் ஒன்றாகும்.

தீவில் இறங்கியிருந்த எம்டன் வீரர் ஏறத்தாழ 50 பேர், வொன் முக்கே என்பவரின் தலைமையில், ‘ஆயிஷா’ என்னும் 97 தொன் பழம் பாய்க்கப்பலைக் கைப்பற்றினர். மூன்று பாய்மரங்கள் உடைய அச்சிறு கலத்தில் கம்பியில்லாத் தந்தி இல்லை. அதனாலேயே அதன் போக்கை எவரும் கேட்டறிய இயலவில்லை. நவம்பர் 27ஆம் நாள் சுமாத்திராவின் பாடாங் துறையில் அது கண்முன்னே தோன்றியது. அவ்வீரர் பின்னர் வேறு கப்பலேறி, அரேபியா வழியே 1915ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தனர்.

யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு, கொழும்புத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் சிறு ஒலிபரப்பியொன்றை அமைத்து இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தனர். 1925 டிசெம்பரில் இலங்கையின் வானொலிச் சேவை முறைப்படி தொடங்கிற்று. கடலில் பகைவரைத் தேடப் பயன்பட்ட அதே கலை, கரையில் மக்களுக்குப் பாட்டும் செய்தியும் வழங்க வந்தது. கருவி ஒன்றே, அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே மனிதரின் பண்பைக் காட்டும்.