செனரத் மன்னன் செய்த உபகாரம்



கல்முனைக் கரையிலே வயல் செய்தும் மீன் பிடித்தும் தறி நெய்தும் வாழும் முஸ்லிம்களாகிய எங்களில் ஒரு பகுதியினர், முன்பு அடைக்கலம் தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். இதை விட்டுவிட்டு எங்கள் வரலாற்றை எழுத முடியாது.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயருக்கு, மேற்குக் கரையிலே வாணிபஞ் செய்த முஸ்லிம்கள் கண்ணில் விழுந்த தூசு. 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்களை வெளியேற்றினர். வீடு வாசல் இழந்து வந்தோரைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றான். ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான். இதை எழுதி வைத்தவர் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ். எதிர்த் தரப்பின் சாட்சியம்! எங்கள் கரவாகுப்பற்றும் அன்று மட்டக்களப்பைச் சேர்ந்ததே. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

மன்னன் செய்தது கருணையா, இராஜதந்திரமா? இரண்டும் இருந்திருக்கலாம். பலன் மட்டும் இரு தரப்புக்கும் கிடைத்தது. ஏற்கெனவே கிழக்கிலிருந்த முஸ்லிம்களோடு வந்தவர்களும் கலந்தார்கள். வயல்கள் விளைந்தன. முஸ்லிம் வணிகரின் தாவள மாடுகள் உப்பும் கருவாடும் சுமந்து மலையேறின. பாக்குச் சுமையோடு இறங்கின. கரைகளைப் பறங்கியர் வளைத்த காலத்தில் மலை இராச்சியத்துக்கு இது பெரிய கைம்மாறு. ஒளித்திருந்த கண்டி அரசனைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்ட முஸ்லிம் பெண்ணின் கதை, மஹியங்கனைப் பக்கத்திலே செவிவழியாக வழங்குகிறது.

ஆனால் மன்னன் ஆணை நிலத்தைத் தரும், அயலைத் தராது. அயலைத் தந்தவர்கள் இங்கிருந்த தமிழர்கள். தாய்வழிக் குடிமுறை இன்றும் இரு சாராரிடமும் இருப்பது அந்த நெருக்கத்தின் அடையாளம்.

அந்த அயலை நாங்கள் இரு பகுதியாரும் காக்கவில்லை. 1985இலும் 1990இலும் இக்கரையோரத்தில் இரத்தம் சிந்தியது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோதோ, எவர் பிள்ளையென்று பாராமல் உடல்களைத் தூக்கினோம். அம்பாறைப் பக்கச் சிங்கள மக்கள் சோற்றுப் பொதிகளோடு வந்தார்கள். 378 வருடங்களுக்குப் பின்னும், மேட்டிலிருந்து கரைக்கு இரக்கம் இறங்கி வந்தது.

2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் உண்ணாவிரதமிருந்தனர். முஸ்லிம்கள் எதிர்த்து அமர்ந்தனர். எல்லை எங்கே போடுவது என்பது பேசித் தீர்க்கக்கூடிய விடயம். பேசும்போது 1626ஐ ஒருமுறை நினைத்துக்கொண்டால் என்ன? அடைக்கலம் பெற்றவர் பரம்பரைக்கு, அயலவரிடம் இரக்கமாயிருப்பது இன்னும் தீராத கடன்.