அண்டை வீட்டு ஒலி: தமிழகத்தில் வானொலி முதல் தொலைக்காட்சித் தொடர் வரை

ஆய்வுச்சுருக்கம்

அண்டை வீட்டு ஒலி இடையூறாக உணரப்படுவதற்கு ஒலியின் அளவு மட்டுமே காரணமன்று. கேட்கும் கருவி பொதுவிடத்திலிருந்து தனி வீட்டிற்குள் சென்றதும் சுவைத்தேர்வு ஒவ்வொரு வீட்டிற்கும் உரியதானதும் அதன் வரலாற்றுக் காரணங்களாகும். கடந்த ஒரு நூற்றாண்டுத் தமிழக ஒலிபரப்பு வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

புறநானூற்றின் 194ஆம் பாடலில் ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. பாடிய பக்குடுக்கை நன்கணியார் அவ்விரு வீட்டாரில் எவரையும் குறைகூறவில்லை. அவருடைய சினம் உலகைப் படைத்தவன்மீது செல்கிறது. அடுத்த வீட்டு ஒலி அங்கே வாழ்வின் தவிர்க்கவியலாத பகுதி. அதே ஒலியை டெசிபல் கணக்கில் அளந்து வரம்பிடும் விதிகள் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. கருவிகள் பெருகின, இரைச்சல் பெருகியது, அண்டையார் பகைத்தனர் என்பதே இம்மாற்றத்திற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். இது போதாது. திருமணத்தன்று ஊருக்கே கேட்குமாறு மரத்தில் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கியைக் காட்டிலும் இன்றைய வீட்டுத் தொலைக்காட்சி உரத்ததன்று.

ஒரு கருவியும் பல செவிகளும்

சென்னையில் வானொலி 1924இல் ஓர் ஆர்வலர் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கியது. பணமின்மையால் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியபின், 1930 முதல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. விடுதலைக்குப் பின் ஊராட்சி வானொலிகள் சிற்றூர்களுக்கும் சென்றன. தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே வழங்கியது என்பதிலிருந்து, ஒலிபரப்பில் கேட்டது மறுநாள் வயல்வரப்பில் எவ்வளவு பேசப்பட்டது என்பதை உணரலாம்.

பொதுக்கேட்டலில் எதைக் கேட்பது என்னும் தேர்வு கேட்பவரிடம் இல்லை. நிலையத்திடமும் கருவியை இயக்குபவரிடமும் இருந்தது. ஆகவே சுவை பற்றிய பூசல் அண்டை வீட்டாருக்கிடையே எழுவதற்கு முன் அரசுக்கும் கேட்பவருக்கும் இடையே எழுந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பா. வி. கேசுகர், திரையிசை தரம் குன்றியது எனக் கருதி வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். கேட்பவர்கள் வாதிடவில்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றனர். எசு. பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழக வீடுகளில் நன்கு அறிமுகமானது. இந்திய அரசு 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கியதற்கு இவ்விலகலே முதன்மைக் காரணம். ஓர் அமைச்சரின் இசைக்கொள்கையைத் திண்ணையிலிருந்தோர் ஐந்தாண்டுகளில் தோற்கடித்தனர் என்று கூறினால் அது மிகையாகாது.

நேயர் விருப்ப நிகழ்ச்சி இன்னொன்றையும் செய்தது. பாடலுடன் அதனைக் கேட்டவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. ஒருவர் எந்தப் பாடலை விரும்புகிறார் என்பது தெருவறிந்த செய்தியாயிற்று. மறுநாள் உரையாடலுக்கும் கேலிக்கும் அது பொருளாயிற்று.

மைக் செட்டின் ஒழுங்கு

குழாய் ஒலிபெருக்கி இவ்வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. பூப்புச் சடங்கு, திருமணம், கோயில் கொடை ஆகியவற்றில் மைக் செட் கட்டுவது அவ்வீட்டில் அல்லது ஊரில் சிறப்பு நாள் என்பதை அயலூர்களுக்கும் அறிவிக்கும் செயலாகும். முதலில் பக்திப் பாடல், பின்னர் திரைப்பாடல் என்ற வரிசையும் பெரும்பாலும் இருந்தது. தமிழகச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடாப் பயன்பாட்டை ஆராய்ந்து 1999இல் எழுதிய பால் கிரீன், அதனை வெறும் பின்னணி இசையாகக் கொள்ளாமல் சடங்கின் ஒரு செயலாகவே கண்டார். வெளியிலிருந்து கேட்போருக்கு இரைச்சலாகத் தோன்றுவது ஊராருக்குச் செய்தியாக இருந்தது.

அந்த ஒலிக்கு எழுதப்படாத வரம்பும் உண்டு. தெருவில் சாவு நேர்ந்தால் மைக் செட் நிறுத்தப்படும். பிற்காலத்தில் அக்கம்பக்கத்துத் தொலைக்காட்சிகளும் அவ்வாறே அணைக்கப்பட்டன. எனினும் இவ்வழக்கத்தைப் பொற்காலமாகக் காட்டுவதும் பிழை. நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் வாடகைக்குக் குடியிருந்தவரும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் நிலையில் எப்போதும் இருந்திலர். ஒலியைப் பொறுத்துக்கொள்வது அன்பினால் மட்டுமன்று, அச்சத்தினாலும் நிகழ்ந்தது.

சன்னலும் சுவரும்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகத்து 15இல் தொடங்கப்பெற்றது. கருவியுள்ள வீடுகள் சிலவே. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்கும் ஞாயிறு திரைப்படத்திற்கும் தெருவினர் அவ்வீடுகளில் கூடினர். 1987இல் தொடங்கிய இராமாயணத் தொடரின் மொழி இந்தி; கதை தெரிந்திருந்ததால் மொழி தெரியாதோரும் அமர்ந்து பார்த்தனர். இக்கூட்டத்தைச் சமத்துவக் காட்சியாக மட்டும் கொள்ளவியலாது. கூடத்தில் அமர்ந்தவர், வாசற்படியில் நின்றவர், சன்னலுக்கு வெளியே நின்றவர் என்ற பகுப்பில் சாதியும் பொருள்நிலையும் தெளிவாகவே இருந்தன. ஊராட்சி வானொலியின்முன் இல்லாத வாசற்படி இங்கே இருந்தது.

1980களில் பரவிய டேப் ரிக்கார்டர் தேர்வை வீட்டாரிடம் ஒப்படைத்தது. தாளில் பாடல்களை எழுதிப் பதிவு நிலையத்தில் கொடுத்து, தமக்கென ஓர் ஒலிநாடாவைப் பதிந்துகொள்ளும் வழக்கம் எழுந்தது. அத்தாளே தனிமனித இசைச்சுவையின் முதல் எழுத்துச் சான்று எனலாம். ஆவணக்காப்பகங்கள் எதுவும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கப்பெற்றபின் கம்பிவடத் தொலைக்காட்சி வீடுகள்தோறும் விரைந்து பரவியது. 1999 திசம்பரில் தொடங்கிய ‘சித்தி’, அதன்பின் வந்த ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ ஆகிய தொடர்களின் காலத்தில் தெருவின் பல வீடுகளிலிருந்தும் ஒரே உரையாடல் ஒரே நேரத்தில் கேட்டது. அது யாருக்கும் அண்டை வீட்டு இரைச்சலாகத் தோன்றவில்லை. எல்லோரும் பார்ப்பது ஒன்றே. மறுநாள் குழாயடியிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் பெண்கள் அத்தொடர்களைப் பற்றிப் பேசினர். இப்பேச்சை அழுகைக் கதைக்கு அடிமையானோரின் வம்பு என ஒதுக்கும் வழக்கம் ஆய்வுலகிலும் உண்டு. மாமியார், கணவர், சொத்து ஆகியவற்றைப் பற்றித் தம் வீட்டுப் பெயரைச் சொல்லாமலே பேசுவதற்குத் தொடரின் மாந்தர்கள் பெண்களுக்கு வழிதந்தனர் என்பதை அவ்வழக்கம் காணத் தவறுகிறது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் கருவியில்லாத வீடுகளுக்கும் கருவியைத் தந்தது. சன்னலுக்கு வெளியே நின்றவர் தம் வீட்டில் அமர்ந்தார். அலைவரிசைகள் பெருகி அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் சுவர் மெலிந்து தோன்றியது.

அளவுகோலின் வருகை

2000ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடைசெய்தன. அதே ஆண்டு ஆகத்து 30இல், சென்னையில் ஒரு வழிபாட்டிடத்திற்கும் அருகிலுள்ள குடியிருப்போர் நலச்சங்கத்திற்கும் இடையிலான வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் கூறவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கம் இவ்வழக்கில் உண்டு என எதிர்த்தரப்பு வாதிட்டதும் கருதத்தக்கது. புகாரின் பின்னிருந்த உறவை அளவுகோல் காட்டாது. ஆனால் தெருவில் செல்வாக்கற்றவரும் புகார் கூறுவதற்கு அதுவே இடமளித்தது. 2005 சூலையில் அதே நீதிமன்றம், தனியார் ஒலிக்கருவியின் ஓசை அவ்விடத்தின் எல்லையில் சுற்றுப்புற வரம்பைவிட 5 டெசிபலுக்குமேல் மிகுதல் கூடாது என்று ஆணையிட்டது. அண்டை வீட்டுச் சுவர் அந்த ஆணையால் சட்டத்தின் அளவிடமாயிற்று.