துருக்கியில் கிராமத்திலிருந்து நகரத்திற்கு: சமயப் பற்றுள்ள குடும்பங்கள் சந்தித்த ஏற்றத்தாழ்வுகள்

1923இல் துருக்கிக் குடியரசு உருவானது. முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் சீர்திருத்தங்கள் அரசையும் கல்வியையும் சமயச் சார்பிலிருந்து விலக்கின. நகரத்து மேல்தட்டினர் அவற்றை விரைவில் ஏற்றனர். அனத்தோலியக் கிராமங்களில் பழைய சமய வாழ்க்கை பெரிதும் தொடர்ந்தது. 1950களுக்குப் பின் நடந்த இடப்பெயர்வு இவ்விரு பிரிவினரையும் ஒரே நகரத்தில் அருகருகே வாழவைத்தது.

இடப்பெயர்வின் காரணம்

அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியால் வேளாண்மை இயந்திரமயமானது. 1948இல் 2,000க்கும் குறைவாக இருந்த டிராக்டர்கள் 1950களின் நடுவில் சுமார் 40,000 ஆயின. வேலை இழந்த கூலிகளும் குத்தகை உழவர்களும் இஸ்தான்புல், அங்காரா போன்ற நகரங்களுக்குச் சென்றனர். 1950இல் நால்வரில் ஒருவரே நகரவாசி. 1985இல் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தனர்.

வாழிடம்

வாடகை கொடுக்க இயலாதவர்கள் நகரத்தின் ஓரத்திலிருந்த அரசு நிலங்களில் இரவோடு இரவாக வீடு எழுப்பினர். இவ்வீடுகள் ‘கெஜெகொண்டு’ எனப்பட்டன. ‘இரவில் வந்து அமர்ந்தது’ என்பது இச்சொல்லின் பொருள். நில உரிமை இல்லாததால் குடிநீரும் சாலையும் மின்சாரமும் தாமதமாகவே வந்தன. ஊர்க்காரர்களின் உதவியும் பள்ளிவாசலுமே இக்குடும்பங்களுக்குத் துணையாக இருந்தன.

கல்வியும் தலைத்துணியும்

தலைத்துணி அணிந்த கிராமத்துப் பெண் நகரத்து வீடுகளில் துப்புரவு வேலை செய்தபோது அத்துணி எவருக்கும் உறுத்தவில்லை. அவருடைய மகள் அதே அடையாளத்துடன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோதுதான் அது சிக்கலாயிற்று. 1980களில் தொடங்கிய தடை, 1997 பிப்ரவரி 28 அன்று இராணுவம் அரசுக்கு அளித்த நெருக்கடிக்குப் பின் கடுமையாக்கப்பட்டது. பல மாணவியர் படிப்பைக் கைவிட்டனர். வசதியுள்ள சிலர் வெளிநாடு சென்று படித்தனர்.

இமாம்களை உருவாக்க 1951இல் மீண்டும் தொடங்கப்பட்ட இமாம்-ஹதீப் பள்ளிகளில் இக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பயின்றனர். 1999 முதல், இறையியல் அல்லாத துறைகளுக்கு விண்ணப்பித்தால் அவர்களின் மதிப்பெண் குறைத்துக் கணக்கிடப்பட்டது. இவ்விதி பிற தொழிற்பள்ளி மாணவர்களையும், அதாவது ஏழைகளின் பிள்ளைகளையே பெரும்பாலும் பாதித்தது.

மாற்றமும் எஞ்சியதும்

2010 முதல் பல்கலைக்கழகங்களில் தடை தளர்ந்தது. 2013இல் பெரும்பாலான அரசு அலுவலகங்களிலும் நீங்கியது. ஆனால் கிராமங்களிலிருந்து வந்த அனைவரும் சுன்னி முஸ்லிம்கள் அல்லர். அவர்களைப் போலவே நகரத்தின் ஓரங்களில் குடியேறிய அலெவி சிறுபான்மையினரின் வழிபாட்டு இல்லங்களான ‘ஜெமெவி’கள், பள்ளிவாசல்களுக்கு இணையான சட்டத் தகுதியை இன்னும் பெறவில்லை. ஒரு பிரிவினரின் குறை தீர்ந்ததால் மற்றவரின் குறையும் தீர்ந்துவிடவில்லை.