வேடத்துக்குள் இருக்கும் உழைப்பு: ஃபர்ரி சமூகமும் தமிழகத்து விலங்காட்டங்களும்

ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த இராமானுசரை ஆதிசேடனின் அவதாரமாக வைணவ மரபு கொண்டாடுகிறது. பாம்பு மனிதராக வந்தது என்பது அந்த ஊருக்கு வியப்பான செய்தி அன்று. ஊரின் பெருமையே அதுதான். அங்கிருந்து தென்கிழக்கே மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பூனை ஒன்று பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். அதே பாறையில் அதே நிலையில் ஒரு மனிதத் தவசியும் நிற்கிறார். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் தொழில் வட்டாரமான ஒரகடம் இருக்கிறது. மனித விலங்கு, விலங்கு மனிதன் என்ற கற்பனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே, அமெரிக்காவில் தோன்றி இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் ஃபர்ரி சமூகத்தைப் பற்றி இந்த வட்டாரத்திலிருந்து பேச நமக்கு முழு உரிமை உண்டு. அதை விநோதச் செய்தியாகப் பார்க்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஃபர்ரி என்பவர்கள், மனிதரைப் போலப் பேசி, உடுத்தி, நிமிர்ந்து நடக்கும் விலங்குப் பாத்திரங்களை நேசிப்பவர்கள். வரைகிறார்கள், எழுதுகிறார்கள், சிலர் உடையாகத் தைத்து அணிகிறார்கள். 1980இல் பாஸ்டன் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ஸ்டீவ் கல்லாச்சி வரைந்த எர்மா ஃபெல்னா என்ற பூனைப் பாத்திரத்தைச் சுற்றி எழுந்த உரையாடலை இதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் நடந்த முதல் தனி மாநாட்டுக்கு வந்தவர்கள் 65 பேர். 1997இல் தொடங்கி, 2006 முதல் பிட்ஸ்பர்கில் நடக்கும் ஆந்த்ரோகான் மாநாட்டுக்கு 2024இல் 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலோர் தமக்கென ஒரு விலங்குப் பாத்திரத்தைப் படைத்துக்கொள்கிறார்கள். அதை ஃபர்சோனா என்கிறார்கள். ஓநாய், நரி, பூனை, டிராகன், இவற்றின் கலப்புகள் என்று அது விரியும். முழு உடலையும் மூடும் ஃபர்சூட் வைத்திருப்பவர்கள் சிறுபான்மையினரே. வெளியுலகம் அறிந்த முகம் அந்தச் சிறுபான்மை என்றாலும், சமூகத்தின் அன்றாடம் பென்சிலும் திரையுமாகவே கழிகிறது. ஒருவர் தன் நரியை வரைந்து தரச் சொல்லி இன்னொருவருக்குப் பணம் கொடுக்கிறார். வரைந்தவர் தன் கரடிக்கு உடை தைக்க அந்தப் பணத்தைச் சேர்க்கிறார்.

இதை ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள் உளவியலாளர்கள். கேத்லீன் கெர்பாசியும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வும், கோர்ட்னி பிளான்ட், ஸ்டீபன் ரேசன், ஷரன் ராபர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து பின்னர் நடத்திய தொடர் ஆய்வுகளும், ஊடகங்கள் பரப்பிய அவதூறுகளைக் கலைத்தன. அவர்களுக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளின் மையக் கேள்வி ‘இவர்கள் யார்?’ என்பது. அடையாளம், தன்மதிப்பு, சேர்ந்திருத்தல் என்று அது உள்நோக்கிப் போகிறது. என் கேள்வி வேறு. அந்த விலங்கு உடலை யார் செய்கிறார், யார் அதனுடன் கூட நடக்கிறார், தலையைக் கழற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது? விலங்கு வேடத்தின் பொருளை அதைச் சுற்றிய உழைப்பின் ஏற்பாடே முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரகடம் போன்ற தொழில் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

ஃபர்சூட் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அணியப் போகிறவர் பழைய துணி ஒன்றைப் போட்டுக்கொள்ள, அதன்மேல் கழுத்து முதல் கணுக்கால்வரை ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றுகிறார்கள். பிறகு அதை வெட்டிக் கழற்றினால் அவருடைய உடலின் அச்சு கிடைக்கிறது. அளவு வெட்டுவது அதை வைத்துத்தான். தலைக்கு ஸ்பாஞ்சைச் செதுக்கி, சூட்டுப்பசையால் ஒட்டி, கன்னமும் மூக்கும் எழுப்புகிறார்கள். அதன்மேல் செயற்கை ரோமத்துணி. ரோமம் எந்தப் பக்கம் படியும் என்று பார்த்துத்தான் துணியை வெட்ட வேண்டும். தவறினால் நெற்றியில் மயிர் மேல்நோக்கி நிற்கும். பிறகு டிரிம்மரால் முகத்தை மழிக்கிறார்கள். கண்ணைச் சற்றுக் குழிவாக உள்ளே பதித்தால், பார்ப்பவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் விலங்கு அவரையே பார்ப்பதுபோல் இருக்கும். உள்ளே இருப்பவர் கண்மணியின் வலைத்துணி வழியாகத்தான் வெளியைக் காண்கிறார். தாடையில் ஒரு எலாஸ்டிக் பட்டை. அணிந்தவர் வாயைத் திறந்தால் விலங்கும் வாயைத் திறக்கும். மூக்கருகே கணினிக்குப் போடும் சின்ன விசிறி ஒன்றைப் பொருத்துபவர்களும் உண்டு. தேர்ந்த கைவினைஞரிடம் முழு உடை வாங்க இரண்டாயிரம், மூன்றாயிரம் டாலர் ஆகும்; அதற்கு மேலும் ஆவதுண்டு. கற்றுக்கொண்டு தானே தைப்பவர்கள் ஏராளம்.

ஸ்பாஞ்ச் அச்சு, இருக்கை உறையின் தையல், ஒட்டுப்பசை, சிறு மோட்டார், மின்கம்பி, வார்ப்புப் பிளாஸ்டிக் என்று மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய வேலை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலைகளின் இருபுறமும் நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியிட்டது. 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடம் நிறைந்தது. அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களில் இருக்கை செய்பவர்கள், வயர் கட்டுபவர்கள், பிளாஸ்டிக் வார்ப்பவர்கள் என ஒரு தலைமுறையே பழகியிருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு, மின்னணுத் தொழிலில் வேலை செய்யும் 18,720 பெண்களுக்கானது. இவர்கள் கையில் இருக்கும் நுணுக்கம், பிட்ஸ்பர்கில் விருந்தினராக அழைக்கப்படும் ஃபர்சூட் கைவினைஞரின் நுணுக்கத்துக்குக் குறைந்ததல்ல. இருவரும் வேறுபடுவது ஒன்றில்தான்: செய்த பொருளின் வடிவத்தைச் செய்தவர் தீர்மானிக்கிறாரா என்பதில். உற்பத்தி வரிசையில் தையலின் நீளமும் நொடியும் வேறெங்கோ முடிவாகின்றன. தொழிலாளியின் உடையும் அப்படித்தான். பெயின்ட் ஷாப்பில் முழு உடலையும் மூடும் அங்கியும் முகக்கவசமும், வேலை செய்பவரின் முகத்தையே காட்டாமல் செய்கின்றன. ஃபர்ரி கைவினைஞரும் முகத்தை மூடுகிறார். ஆனால் மூடும் முகத்தை அவரே வரைந்திருக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டின் கனத்தை ஃபர்ரி ஆய்வுகள் போதிய அளவு உணரவில்லை என்பது என் கருத்து. பகல் முழுதும் பிறர் வடிவமைத்ததைச் செய்பவருக்குத் தன் கையால் தனக்கென்று ஓர் உடலைச் செய்துகொள்வது பொழுதுபோக்கைவிடப் பெரிய காரியம்.

தமிழகத்து விலங்காட்டங்களுக்கு வருவோம். புலியாட்டம், கரடியாட்டம், காளையாட்டம், மயிலாட்டம், பொய்க்கால் குதிரை என்று அவை பல. இவற்றின் தொழில்நுட்பம் அதிகம் பேசப்படுவதில்லை, பேச வேண்டும். மயிலாட்டக்காரர் கையில் ஒரு நூல் இருக்கும்; இழுத்தால் அலகு திறக்கும், விட்டால் மூடும். ஃபர்சூட்டின் எலாஸ்டிக் தாடைக்கு இது முன்னோடி என்று சொல்ல வரவில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு கைவினை மரபுகள் தனித்தனியாகக் கண்ட விடை என்பதே அதைவிடச் சுவையான செய்தி. பொய்க்கால் குதிரையில் குதிரையின் கூடு இடுப்பில் தொங்க, மரக்கால்களில் ஏறி நிற்பவர் சவாரிக்காரராகவும் குதிரையாகவும் ஒரே நேரத்தில் ஆடுகிறார். ஒருவர் உடலில் இரண்டு உயிர்கள் என்ற இந்த உத்தி ஃபர்ரி கூடங்களில் அரிது.

புலியாட்டம் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறது. குளிர் நாட்டில் வளர்ந்த கலை உடலை ரோமத்தால் போர்த்துகிறது. வெயில் நாட்டில் வளர்ந்த கலை தோலையே ரோமமாக்குகிறது. மஞ்சள் பூசி, கறுப்புக் கோடு இழுத்து, காதும் நகமும் வாலும் மட்டும் கட்டினால் புலி தயார். திருச்சூர்ப் புலிக்களியில், ஓணத்தின் நான்காம் நாளில், உடல் மயிரை மழித்துவிட்டு வார்னிஷ் கலந்த வண்ணத்தைப் பல மணி நேரம் பூசுகிறார்கள். தொந்தி பெரிதாக இருந்தால் நல்லது. அதன்மேல் வரைந்த புலிமுகம் ஆட்டத்தில் வாய் திறந்து மூடும். ஒடிசாவின் பெர்ஹாம்பூரில் தாகுராணி யாத்திரையின்போது நேர்ந்துகொண்டு புலிவேடம் போடுகிறார்கள். அந்த மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் பலரை இந்தச் சாலைகளில் பார்க்கலாம். தமிழகத்துப் புலியை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழகத்துப் பல ஊர்களில் மொகரம் ஊர்வலத்திலும் இந்துக் கோயில் திருவிழாவிலும் அதே புலி ஆடியிருக்கிறது. மதத்தைத் தாண்டிய விலங்கு அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நேர்த்திக்கடனுக்காக ஆடும் புலியையும் விருப்பத்துக்காக அணியும் நரியையும் ஒரே தட்டில் வைப்பது சடங்கைச் சிறுமைப்படுத்தாதா? மேலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடிக்குப் பூசை உண்டு, அணிபவர் விரதமிருக்கிறார். அதற்கும் மாநாட்டுக் கூடத்துக்கும் என்ன உறவு? மறுப்பு நேர்மையானது. ஆனால் அது சடங்கின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறது. மறுபாதியில் சாதி இருக்கிறது. நம் விலங்காட்டங்களில் யார் ஆடலாம், யார் பறை அடிக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் பிறப்பே முடிவு செய்தது. ஆட்டம் முடிந்து சாயத்தைக் கழுவிய பிறகும் ஆட்டக்காரர்மேல் ஊர் பூசிய சாயம் போகாது. ஃபர்சோனாவின் புதுமை இங்கேதான். பிறப்பு, ஊர், குலதெய்வம் எதையும் கேட்காமல் ஒருவர் தன் விலங்கைத் தேர்கிறார், சலித்தால் மாற்றிக்கொள்கிறார். அந்தச் சமூகத்தின் கணிசமான பகுதியினர் பாலீர்ப்பிலும் பாலின அடையாளத்திலும் சிறுபான்மையினராக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நம்மிடமும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், ஆண்களின் ஆட்டமாகவே இருந்த கூத்தைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தது. 2016இல் திருச்சூரில் பெண்கள் புலியாக இறங்கினார்கள். சடங்கு இதனால் சிறுத்துவிடவில்லை.

விருப்பத்தின் பக்கத்தையும் அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. ஆயிரக்கணக்கான டாலரில் உடை வாங்கும் சமூகத்தில் வர்க்கம் இல்லாமல் போகாது. புலியாட்டத்தின் சாயச்செலவை ஊரோ குழுவோ ஏற்கும்; ஃபர்சூட்டின் செலவு தனி ஒருவர் தலையில் விழுகிறது.

நேர்த்திக்கடனுக்கும் விருப்பத்துக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு விலங்கு உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வட்டாரத்தில் அதிகம் கவலைப்பட வேண்டும். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் சின்னம் ‘தம்பி’: வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கும் குதிரை. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய ஆக்கி சாம்பியன்ஸ் கோப்பைக்கு ‘பொம்மன்’ என்ற யானை. மக்கள் அவற்றோடு ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். மாமல்லபுரத்துப் பூனைக்குத் தம்பிக் குதிரை நல்ல உறவுக்காரன். இத்தகைய அரசு விழாக்களுக்கு வெளியே, கல்யாண வரவேற்பிலும் கடை திறப்பிலும் கரடியாகவோ முயலாகவோ நின்று குழந்தைகளுக்குக் கைகொடுக்கும் ஒருவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த உடை ஆயத்தமாக வாங்கியது. பலர் மாற்றி மாற்றி அணிவது. உள்ளே இருப்பவர் நாள் கூலிக்கு வந்தவர். அந்தக் கரடியை அவர் செய்யவில்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. உற்பத்தி வரிசையின் அங்கிக்கும் ஃபர்சூட்டுக்கும் நடுவில் அது நிற்கிறது: பார்வைக்குப் பின்னது, உழைப்பின் ஏற்பாட்டில் முன்னது.

ஃபர்ரி சமூகத்திடமிருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்துக்கான நடைமுறை. அங்கே விலங்கு தனியாக நடப்பதில்லை. பக்கத்தில் துணையாள் ஒருவர் இருப்பார். படிக்கட்டு வந்தால் சொல்வார், வாலை இழுக்கும் குழந்தையை மெல்ல விலக்குவார், தண்ணீர் கொடுப்பார். மாநாடுகளில் தலையைக் கழற்றி ஆறுவதற்கென்றே, படம் எடுக்கத் தடையுள்ள தனி அறை உண்டு. பெரிய விசிறிகளும் குடிநீரும் அங்கே இருக்கும். கொஞ்ச நேரம் ஆடினால் கட்டாயம் கொஞ்ச நேரம் ஆற வேண்டும் என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். குளிரூட்டிய கூடத்தில், விரும்பி அணிந்தவருக்கே இவ்வளவு பாதுகாப்பு. நம் புலியாட்டக் குழுவிலும் இது இருந்தது: புலியைச் சுற்றி எப்போதும் மேளக்காரரும் குழு ஆட்களும் நின்றார்கள். கூலிக் கரடிக்கு மட்டும்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சித்திரை வெயிலில் கடைவாசலில் ரோமத்துணிக்குள் நிற்பவருக்கு நாற்காலி, தண்ணீர், ஒரு துணையாள், தலையைக் கழற்ற மறைவான ஓர் இடம் ஆகிய நான்கையும் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. மண்டபத்தின் வாடகை ரசீதிலும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் ஒப்பந்தத்திலும் இவற்றை ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். தொழிலாளர் துறை அதைக் கட்டாயமாக்கலாம்.