பாகும் பாடும்

தவக்காலத்தின் நிறைவில் வரும் குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்திப் பவனி செல்கிறோம். வீடு திரும்பியதும் அதைச் சிலுவையாக மடித்துக் கதவருகே செருகி வைக்கிறோம். ஏறத்தாழ அதே நாள்களில்தான் நம் தென்மாவட்டங்களில் பனைகள் பாளை விட்டுப் பதநீர் சுரக்கின்றன. விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி செல்லும் சாலையோரங்களில் நிற்கும் பனைகளை இன்று வயலின் எல்லைக் குறிகளாகவே காண்கிறோம். வானம் பார்த்த இப்பூமிக்கு அம்மரம் செய்த நன்மை பெரிது. அந்நன்மையை நமக்கு இறக்கித் தந்தவர்களின் வரலாற்றை எத்தனை பேர் நினைவில் ஏந்தியிருக்கிறோம்?

இயற்கையின் இன்சாற்றைப் பாகாக்கும் கலை உலகெங்கும் உண்டு. வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பற்றி விவிலியம் பேசும் ‘தேன்’ பேரீச்சம்பழப் பாகாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். வட அமெரிக்காவின் பூர்வகுடிகள், ஐரோப்பியர் வருமுன்னரே, பனிக்காலம் முடியும் நாள்களில் மேப்பிள் மரத்தின் சாற்றை வடித்துக் காய்ச்சினர். அச்சாற்றில் சர்க்கரை 2 விழுக்காடு அளவே உண்டு. ஆகவே 1 லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வற்ற வேண்டும். நம் பதநீரோ அதனினும் ஐந்தாறு மடங்கு இனிப்புடையது. 8 முதல் 10 லிட்டர் பதநீரில் 1 கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மேப்பிள் மரத்தில் நின்ற இடத்திலிருந்தே துளையிடலாம். பனையிடம் பெற வேண்டுமானால் உயிரைப் பணயம் வைத்து உச்சிவரை ஏற வேண்டும்.

பனையேறியின் நாள் விடியுமுன் தொடங்கும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. பாளையை மரக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லையேல் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். நாளுக்கு 30, 40 மரங்கள். காலையும் மாலையும் ஏற்றம். நெஞ்சிலும் கால்களிலும் காய்ப்பேறியிருக்கும். பிடி தவறினால் அக்குடும்பத்தின் விளக்கு அணைந்தது.

கீழே ‘விடிலி’ எனும் ஓலைக் குடிலில் பெண்களின் உழைப்பு தொடரும். வடிகட்டிய பதநீரைப் பெருந்தாழியில் ஊற்றி, பனை மட்டையும் சருகும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவர். பொங்கி வழியாதிருக்க நசுக்கிய ஆமணக்கு வித்தை இடுவர். வற்றி வருகையில் கூப்பனி எனும் தேன்போன்ற பாகு கிடைக்கும். மேலும் கிண்டி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. பாகை நூல் கட்டிய பானையில் பல வாரங்கள் அசைக்காது வைத்தால் பனங்கற்கண்டு.

இக்கருப்பட்டியே நம் பகுதியின் நகரங்கள் எழவும் துணை நின்றது. 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிவுற்றுச் சாலைகளில் அச்சம் குறைந்தபின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வணிகர்களின் மாட்டு வண்டிகள் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வடக்கு நோக்கிப் பெருமளவில் வந்தன. சரக்கையும் மாடுகளையும் காக்க மதில் சூழ்ந்த பேட்டைகள் அமைந்தன. அவ்வணிகத்தால் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்கள் செழித்தன. விற்ற சரக்குக்கு ஏற்ப வணிகர் ஒதுக்கிய ‘மகமை’ப் பொதுநிதி பள்ளிகளாக மலர்ந்தது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அவ்வாறு எழுந்ததே. 1903இல் பிறந்த காமராசர் பயின்றதும், வீடுதோறும் பெற்ற பிடி அரிசியும் உரமிட்ட அப்பள்ளியில்தான்.

வணிகம் வளர்ந்தது, வணிகரின் பிள்ளைகள் கற்றனர். ஆனால் மரமேறியவரின் நிலை என்ன? பலர் பிறர் மரத்தில் பங்குக்கும் குத்தகைக்கும் உழைத்தனர். முன்பணம் கொடுத்தவர் சொன்ன விலைக்கே கருப்பட்டியை அளந்தனர். பேட்டையின் மதில் சரக்கைக் காத்ததுபோல் அவரைக் காக்க ஒரு மதில் எழவில்லை.

இக்குறையை உணர்ந்தவருள் ஒருவர் நம் அண்டையிலேயே வாழ்ந்தார். 1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் கற்றவர். 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். கரும்பு, உணவு விளைய வேண்டிய நல்ல நிலத்தையும் நீரையும் கேட்கிறது. பனையோ தரிசில் தானே நின்று இனிப்பைத் தருகிறது. ஆகவே பனைவெல்லமே ஏழை நாட்டுக்கு ஏற்றது என்பது அவர் வாதம். இறுதி ஆண்டுகளை தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்த அவர், 1960 ஜனவரி 30இல், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், காலமானார்.

அவர் விரும்பியது முழுமையாக நிறைவேறவில்லை. வெள்ளைச் சீனி மலிவாக வந்தது. பனையேறிகளின் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடினர். அபாயம் மிகுந்த உழைப்பை விட்டு அவர்கள் வெளியேறியதை எவரும் குறை கூற இயலாது. மரங்கள் செங்கல் சூளைகளுக்கு இரையாயின. கடைகளில் சீனி கலந்த கருப்பட்டி குவிந்தது. 1978இல் பனை நம் மாநில மரமாயிற்று; ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என 2021இல் அரசு அறிவித்தது; 2023இல் உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. இவை மரத்துக்கும் பண்டத்துக்கும் கிடைத்த சிறப்புகள். உலகின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தரும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், உற்பத்தியாளர் ஒன்றுகூடி 2000ஆம் ஆண்டிலிருந்து பாகைச் சேமக் கிடங்கில் இருப்பு வைத்து, விலை சரியாமல் காக்கின்றனர். மனிதரைக் காக்கும் அத்தகைய ஏற்பாடே நம் பனையேறிக்கும் தேவை.

நாமோ கலப்பற்ற கருப்பட்டியைத் தேடுகிறோம். அதன் விலையைக் கேட்டதும் பேரம் பேசுகிறோம். பாகு இருக்குமிடத்தில் ஒருவருடைய பாடும் இருக்கிறது. அடுத்த குருத்தோலை ஞாயிறன்று ஓலையை மடிக்கும் நம் விரல்கள், அம்மரத்தில் காய்ப்பேறிய கைகளையும் நினைத்துக்கொள்ளட்டும். நியாயமான விலையைத் தயங்காது கொடுப்பதே அந்நினைவுக்குச் சான்று.